ஏழே காலுக்கு மேல் என்ன தெரியும்?

கம்போங் குவாந்தானில் இருட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் அப்பியிருக்கும் மின்மினிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, மரம் முழுக்க ஒரே தாளத்தில் அணைந்து அணைந்து எரியும். அதைப் பார்க்கத் துடுப்புச் சம்பானில் ஏறும்போதே, பிளாஷ் போடக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து கொஞ்சம் விலகினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா. செம்பனைத் தோட்டத்து வாசல், மாரியம்மன் கோயில் உண்டியல், தாமான் வீட்டு முன்கேட் என்று அங்கெல்லாம் அதே இருட்டை விரட்டப் பணம் செலவாகிறது.

விரட்டுவதற்கு வாங்குவது பெரும்பாலும் சிசிடிவி கேமரா. அதைத் தேர்ந்தெடுப்பதோ பட்டப்பகலில், ஏசி போட்ட கடையில், பளிச்சென்ற விளக்குக்குக் கீழே. அந்த வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் காட்டும். கடைக்காரர் மெகாபிக்சலைச் சொல்வார், நாம் விலையைக் கேட்போம், பேரம் முடிந்துவிடும். கேமராவுக்கு உண்மையான சோதனை மாலை ஏழே காலுக்குத்தான் தொடங்குகிறது.

ஏன் ஏழே கால்? தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்குடன் ஒரே நேரத்துக்கு வந்தது. கோலசிலாங்கூர் இருப்பது கிழக்கே 101 பாகை சொச்சத்தில். சூரியனை மட்டும் கேட்டால் நம் கடிகாரம் ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பகலின் நீளமும் அதிகம் மாறுவதில்லை. ஆகவே வருடம் முழுக்க ஏழே காலுக்குக் கால்மணி முன்பின்னாகப் பொழுது சாயும். அந்த நேரத்தில் கேமராவுக்குள் வரிசையாகப் பல காரியங்கள் நடக்கின்றன. பழுது என்று நாம் கூப்பிடுவதில் பெரும்பகுதி அவற்றில் ஏதோ ஒன்று ஒழுங்காக நடக்காததுதான்.

முதலில் ஒரு 'டிக்' சத்தம். கேமராவின் உணரி சிலிக்கானால் ஆனது. மனிதக் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத்தான் பார்க்கும். சிலிக்கான் அதையும் தாண்டி 1100 வரை பார்க்கும். அந்த உபரிப் பார்வை பகலில் தொல்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் படத்தில் கலந்து நிறங்களைக் கெடுத்துவிடும். அதனால் வில்லைக்கும் உணரிக்கும் நடுவே அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடித் துண்டை வைத்திருப்பார்கள். இருட்டியதும் சின்னச் சுருள் ஒன்று அந்தக் கண்ணாடியை ஓரமாக நகர்த்துகிறது. 'டிக்' என்று கேட்பது அதுதான். படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும், கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியும்.

அந்தத் துண்டு பாதியில் சிக்கிக்கொள்வதுண்டு. பகலில் வாழை இலையெல்லாம் ஊதாவாகவும் ரோஜாவாகவும் தெரிந்தால் அது இரவு நிலையிலேயே மாட்டிக்கொண்டது என்று பொருள். இரவில் விளக்குகள் எரிந்தும் படம் மையிருட்டாக இருந்தால் பகல் நிலையில் மாட்டியிருக்கிறது. மெனுவில் பகல், இரவு என்று நான்கைந்து தடவை கையால் மாற்றிப் பாருங்கள், பல நேரம் விடுபட்டுவிடும். ரோஜா நிறத்தைப் பார்த்து உணரியே போய்விட்டது என்று புதுக் கேமரா வாங்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது விளக்கு. கம்போங் குவாந்தான் வட்டாரத்தில் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை. 'இரவிலும் கலர்' என்று இப்போது அதிகம் விற்கும் கேமராக்களில் பலவற்றில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. ராத்திரி முழுக்க எரியும், அல்லது ஆள் அசைந்ததும் எரியும். நிறம் தெரிவது வசதிதான். ஆனால் மின்மினிக்கு ஒளி என்பது பேச்சு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வது அந்த மின்னலால்தான். கரையில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால் அந்தப் பேச்சு அமுங்கிப்போகும். 2020இல் 'பயோசயின்ஸ்' ஆய்விதழில் சாரா லூயிஸும் அவருடைய சகாக்களும் உலகெங்குமுள்ள மின்மினி ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மின்மினிகளுக்கான ஆபத்துகளில் வாழிடம் அழிவது முதலாவதாகவும், இரவில் எரியும் செயற்கை ஒளி இரண்டாவதாகவும் அதில் வந்தன. நம்முடைய 'டெரோப்டிக்ஸ் டெனர்' இனமும் அதில் பேசப்படுகிறது. ஆற்றோரத்துச் செடிகொடிகளும் குறிப்பிட்ட மரங்களும் இருந்தால்தான் பிழைக்கும் இனம் அது.

அகச்சிவப்பு விளக்கில் இந்தச் சிக்கல் இல்லை. சந்தையில் இருப்பவை இரண்டு வகை: 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர். மின்மினியின் கண் அதன் சொந்த மஞ்சள் பச்சை ஒளிக்கு ஏற்றபடி அமைந்தது. 850 அதன் எல்லைக்கு வெகு அப்பால். நமக்கு மட்டும், கிட்டப் போய்ப் பார்த்தால், 850 விளக்கு மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டும் தெரியக்கூடாது, கேமரா இருப்பதே தெரியக்கூடாது என்றால் 940. ஆனால் சிலிக்கானுக்கு 940இல் பார்வை மந்தம். அதே மின்சாரத்துக்கு எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். தோட்டத்து வாசலுக்கு 850 போதும். திருடனுக்குக் கேமரா இருப்பது தெரிந்தால் நல்லதுதானே?

ஆற்றை ஒட்டிய வீடுகளிலும் கடைகளிலும் படகுத்துறையிலும் வெள்ளை விளக்குக் கேமராவுக்கு இடமே இல்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்ற வேண்டியதில்லை. மெனுவில் 'அகச்சிவப்பு மட்டும்' என்று மாற்ற வழியிருக்கும் மாடல்கள் நிறைய உண்டு.

பெட்டியில் 'இரவுப் பார்வை 30 மீட்டர்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் ஒளி கால்பங்காகும். 10 மீட்டரில் பளிச்சென்று தெரிகிற ஆள் 30 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு ஒளியில் நிற்கிறார். 'யாரோ அசைகிறார்கள்' என்பது தெரியும், யார் என்பது தெரியாது. இன்னொரு பக்கம், கேமராவுக்கு முன்னால் ஒரு மட்டை தொங்கினால் அது விளக்கொளியை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும். கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று தன்னைக் குறைத்துக்கொள்ள, பின்னாலுள்ள பாதை கறுத்துப்போகும். பச்சை இலைகள் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்புகிறவை. இரவுப் படத்தில் செம்பனை ஓலை பனி விழுந்ததுபோல வெளுத்துத் தெரிவது அதனால்தான். துணிச் சாயங்களும் இப்படி ஏமாற்றும். பகலில் கறுப்பாக இருக்கும் சட்டை அகச்சிவப்பில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரலாம். 'வெள்ளைச் சட்டைக்காரன்' என்று போலீஸில் சொல்லுமுன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய நிம்மதி அதில் இருக்கிறது.

இனி மெகாபிக்சல். ஒரே அளவு உணரியில் 2 மெகாபிக்சலும் செய்யலாம், 8 மெகாபிக்சலும் செய்யலாம். 1/2.8 அங்குல உணரியில் முதலாவதில் ஒவ்வொரு பிக்சலும் 2.9 மைக்ரோமீட்டர் அகலம், இரண்டாவதில் 1.45. அகலம் பாதி என்றால் பரப்பளவு கால்பங்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் ஒளியும் கால்பங்கு. பகலில் இதனால் நட்டமில்லை, வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. இரவில் கேமரா பற்றாத ஒளியை மின்னணு முறையில் பெருக்கிக் காட்டும். கூடவே இரைச்சலும் பெருகும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிப்பது அதுதான். விலை ஒன்றாகவே இருந்தாலும், தெருவிளக்கு இல்லாத இடத்துக்கு நான் 2 அல்லது 4 மெகாபிக்சலைத்தான் எடுப்பேன். விலை குறைவாக இருந்தால் மிச்சமாகும் வெள்ளியை வில்லையில் போடலாம். எஃப் எண் 2.0 உள்ள வில்லையைவிட 1.0 உள்ளது நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

மெகாபிக்சலைவிட முக்கியமான கணக்கு வேறு. முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது 62676 என்ற சர்வதேசத் தரநிலை. தெரிந்த ஆளை 'இவர்தான்' என்று சொல்ல 125. ஏதோ ஓர் ஆள் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க 25 போதும். இதை வைத்துக் கணக்குப் போடுவோம். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 250ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகம் தெரியாது. எல்லாரும் வாங்கும் 2.8 மில்லிமீட்டர் அகன்ற வில்லையில் அந்த அகலம் 4 மீட்டர் தூரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 6 மில்லிமீட்டர் வில்லை 8 மீட்டர் வரை தாங்கும், 12 மில்லிமீட்டர் 16 மீட்டர் வரை.

கோயில் முன்மண்டபத்து மூலையில் உயரமாக 2.8 மாட்டி, பத்து மீட்டர் தள்ளியுள்ள உண்டியலைப் பார்க்க வைத்தால் என்ன கிடைக்கும் என்று இப்போது தெரிந்திருக்கும். மண்டபம் முழுவதும் தெரியும். தூண், தரை, வாழைமரக் கட்டு எல்லாம் தெரியும். உண்டியலில் கைவைத்தவரின் முகம் மட்டும் கோலப்பொடி சிந்தினதுபோல இருக்கும். அகன்ற பார்வைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று இரண்டு கேமரா வேண்டிய இடம் அது. இரண்டாவதைத் தலைக்கு மேலே வைத்தால் தொப்பிதான் பதிவாகும். ஆள் நுழையும் வழியில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள்.

தோட்டத்து வாசலின் கதை வேறு. அங்கே தேவை லோரியின் எண்பலகை. குலை திருட்டு தோட்டங்களுக்குப் பழைய தலைவலி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், 1917இல் தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். அவர் காலத்தில் குலை கொண்டுபோகும் வண்டியைக் காவலாளியின் கண் பார்த்தது. இன்று கேமரா பார்க்கிறது. ஆனால் இருட்டில் கேமராவின் ஷட்டர் மெதுவாகிவிடும், ஒவ்வொரு படத்துக்கும் 1/25 நொடி வரை திறந்தே இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் லோரி அந்த நேரத்துக்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். எண் ஒரு வெள்ளைக் கோடாக இழுபடும். ஷட்டரை 1/500 என்று வைத்தால் நகர்வு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. படம் இருண்டிருக்கும், பரவாயில்லை. அந்தக் கேமராவுக்கு வேலை எண்பலகை மட்டும், அதற்கென்று பக்கத்திலேயே தனி அகச்சிவப்பு விளக்கு வைக்கலாம். முன்பக்கம் பிடித்தால் ஹெட்லைட் கண்ணைக் கூசவைக்கும், ஆகவே பின்பலகையைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மலிவான வழி, கேமராவுக்கு எதிரே ஒரு வேகத்தடை. பத்து கிலோமீட்டருக்கு இறங்கிய லோரியின் எண்ணைப் படிப்பது கேமராவுக்குச் சுலபமாகிவிடும்.

மாலை ஏழே காலுக்கு நடக்கும் அடுத்த காரியம் படத்தில் தெரியாது, வயரில் நடக்கும். அதிகம் பேரைச் சுற்றவிடும் பழுது இதுதான்: பகலெல்லாம் நன்றாக இருக்கும் கேமரா, இருட்டியதும் போய்ப் போய் வரும். கேமராவை மாற்றுகிறார்கள். புதியதும் அப்படியே. ரெக்கார்டரை மாற்றுகிறார்கள். அதுவும் அப்படியே. பேய் பிடித்த கேமரா என்று பேர் வைத்து விட்டுவிடுகிறார்கள்.

பேய் வயரில் இருக்கிறது. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கேமரா. போட்டிருப்பது 0.3 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர். போக வர 120 மீட்டர் செம்பு, மின்தடை ஏறக்குறைய 7 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயரிலேயே 1.4 வோல்ட் போய், கேமராவுக்கு 10.6 வந்து சேரும். சமாளித்துக்கொள்ளும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து 0.6 ஆம்பியர் கேட்கின்றன. இப்போது வயரில் இழப்பு 4 வோல்ட்டுக்கு மேல், கேமராவுக்குக் கிடைப்பது 8 கூட இல்லை. கேமரா அணைந்துவிடும். அணைந்ததும் சுமை இல்லை, வோல்ட் மறுபடி 12க்கு ஏறும். கேமரா எழுந்து பார்க்கும், இருட்டு என்று விளக்கைப் போடும், மறுபடி விழும். விடியும் வரை இதே ஆட்டம். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினிய வயர் என்றால் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வயர்தான். கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும்.

இதைச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். பட்டப்பகலில் ஏணி வைத்து ஏறி, கேமராவின் முகத்தை உள்ளங்கையால் சில நொடி மூடுங்கள். 'டிக்' சத்தம் கேட்கும், அகச்சிவப்பு விளக்கு எரியும். அந்த நேரத்தில் கேமராவுக்குள் நுழையும் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் நின்றால் வயர் குற்றமில்லை. சரிந்தால் தடித்த வயர் போடுங்கள், அல்லது அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். புதிதாகவே போடுகிறவர்களுக்கு நெட்வொர்க் வயரிலேயே மின்சாரமும் வரும் 'பி.ஓ.இ.' கேமரா நல்லது. அதில் மின்சாரம் ஏறக்குறைய 48 வோல்ட்டில் போகிறது. அதே வேலைக்கு நான்கில் ஒரு பங்கு ஆம்பியர், வயரில் வீணாவது பதினாறில் ஒரு பங்கு. 100 மீட்டருக்கு மேல் மட்டும் ஒரே வயரில் இழுக்கக்கூடாது.

பழுது எங்கே என்று தேடும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வேலை முடியும், காரணம் தெரியாது, மாதம் கழித்து அதே பழுது திரும்பும். சந்தேகப்பட்ட கேமராவைக் கழற்றி ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே ஒரு முழ வயரில் மாட்டிப் பாருங்கள். நன்றாக வந்தால் கேமராவும் ரெக்கார்டரும் சரி, குற்றம் நடுவில் உள்ள வயரிலோ இணைப்பிலோ. பிறகு ரெக்கார்டரின் கெட்ட வாய்க்கும் நல்ல வாய்க்கும் வயரை இடம் மாற்றிப் பாருங்கள். பழுது வயரோடு போகிறதா, வாயோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பழைய கோஆக்சியல் வயர் அமைப்பில் படத்தின் குறுக்கே தடித்த பட்டைகள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். காவல்குடிலுக்கும் அலுவலகத்துக்கும் தனித்தனி எர்த் இருக்கும், இரண்டுக்கும் நடுவேயுள்ள வித்தியாசம் வயரின் கவசத்தில் 50 ஹெர்ட்ஸாக ஓடுகிறது.

ஈரமும் இங்கே ஒரு கட்சி. கடற்கரை ஊர், உப்புக் காற்று, மாலை மழை. இணைப்புகள் பச்சை பிடித்துப்போகும். வயரை மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் நுழைத்தால் மழைநீரும் அதன் வழியே இறங்கும். நுழையுமுன் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், செலவு ஒரு முழம் வயர். கோலாலம்பூர், சுபாங் வட்டாரம் உலகிலேயே அதிக நாள் இடி இடிக்கும் பகுதிகளில் ஒன்று. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட செம்பு வயரில் ஒரு வீச்சு மின்னழுத்தம் கிளம்பி, கேமராவையும் ரெக்கார்டரையும் சேர்த்து எரித்துவிடும். தோட்டத்தில் இருநூறு, முந்நூறு மீட்டர் இழுக்க வேண்டிய இடத்தில் ஃபைபர் வயர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

சிலந்தியையும் சொல்லியாக வேண்டும். அகச்சிவப்பைப் பார்த்துப் பூச்சி வருவதில்லை. பக்கத்து டியூப்லைட்டைப் பார்த்து வரும், பூச்சியைப் பார்த்துச் சிலந்தி வரும், கேமராவின் கழுத்தில் வலை கட்டும். ஒரு நூலிழை வலை இரவில் வெள்ளைக் கயிறாக ஆடும். கேமரா அதை ஆள் நடமாட்டம் என்று எண்ணி ராத்திரி முழுக்கப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் எச்சரிக்கையை அணைத்துவிடுவார். நான்காம் நாள் திருடன் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை நீண்ட கழியில் ஒரு துடைப்பம், அவ்வளவுதான் மருந்து. விளக்குள்ள குழாய் வடிவக் கேமராவுக்குப் பதிலாக, விளக்கைத் தனியாகச் சற்றுத் தள்ளி மாட்டுவதும் உதவும்.

மின்சாரமே எட்டாத உள் தோட்டங்களுக்கு சோலார் கேமராக்கள் வந்திருக்கின்றன. அவை பேட்டரியைச் சேமிக்கத் தூங்கிக்கொண்டிருந்து, உடல்சூட்டை உணர்ந்ததும் எழும். உணர்வது சூட்டை அல்ல, சூட்டின் வித்தியாசத்தை. மத்தியானம் சுற்றுப்புறமே 34 பாகையில் கொதிக்கும்போது, அதில் நடந்து வரும் ஆள் அதற்குப் பிரிந்து தெரிவதில்லை. எழுந்தாலும் முதல் ஓரிரு நொடி தவறிவிடும். ஆகவே பாதைக்குக் குறுக்கே பார்க்காமல், பாதை நெடுகச் சற்றுச் சாய்வாகப் பார்க்கும்படி வைத்தால் ஆள் கடந்துபோகுமுன் விழித்துக்கொள்ளும். யாராவது பழைய 3ஜி கேமராவை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது.

இவ்வளவும் கேமரா. நாம் திரும்பிப் பார்க்காத பெட்டி ரெக்கார்டர். உலகின் ஆரம்பகால சிசிடிவிகளில் ஒன்று, 1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் ராக்கெட் ஏவுவதைத் தள்ளியிருந்து பார்க்க வால்டர் புரூஹ் அமைத்தது. அதில் பதிவு கிடையாது, பார்த்தால் உண்டு. நம்மில் பலருடைய சிசிடிவியும் இன்று அப்படித்தான் இருக்கிறது, உரிமையாளருக்குத் தெரியாமலே. போனில் நேரடிப் படம் வருகிறதே என்று நிம்மதியாக இருப்பார். உள்ளே ஹார்ட்டிஸ்க் செத்து நாளாகியிருக்கும். மேசைக் கணினிக்கான டிஸ்க்கைப் போட்டால் ஆயுள் இன்னும் குறையும், இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல அது. கண்காணிப்புக்கென்றே தனி டிஸ்க் விற்கிறார்கள்.

கொள்ளளவுக் கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிகாபைட், நாளுக்கு 43. நான்கு கேமராவுக்கு நாளுக்கு 173. ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையதன்மேல் எழுதத் தொடங்கும். உண்டியலை வாரம் ஒரு தடவை எண்ணும் கோயிலில் அந்த டிஸ்க்கால் என்ன பயன்? ஏழே காலுக்கு மேல் இதிலும் ஒரு சங்கதி உண்டு. வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தின படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதுவது. இருட்டில் கொதிக்கும் இரைச்சல் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் மாறுவதால், சுருக்கும் மென்பொருள் அதையெல்லாம் அசைவு என்றே எடுத்துக்கொள்ளும். யாருமே இல்லாத இருட்டுச் சுவர் பகல் நேரத்துக் கடைத்தெருவைவிட அதிக இடம் பிடிக்கலாம். பிட் அளவுக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் இடம் கூடாது, படம் கட்டம் கட்டமாக உடையும். கூடுதல் அகச்சிவப்பு விளக்கு ஒன்று போட்டால் படமும் தெளியும், டிஸ்க்கும் மிஞ்சும்.

ரெக்கார்டரை இணையத்தில் சேர்க்குமுன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. ஆனாலும் 2016 அக்டோபர் 21ஐ நினைவூட்டுகிறேன். 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையிலிருந்தது அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு இணையத் தளங்களுக்கு முகவரி காட்டும் 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில், அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை.

கடைசியாக நேரம். ரெக்கார்டருக்குள் ஒரு நாணய பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பிறகு பெட்டி பல வருடம் பின்னால் போய் எழும். பதிவு இருக்கும், தேதியில் தேடினால் கிடைக்காது. கடிகாரம் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும்படி வைத்து, மண்டலத்தை 8 மணி நேரம் கூட்டல் என்று அமையுங்கள். சில பெட்டிகள் சீன நேரம் என்று போட்டிருக்கும், நமக்கும் அதுதான். கணினி உருவாக்கிய ஆவணத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட, மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற பிரிவு உள்ளது. கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அது வழக்கமான உபயோகத்தில் அந்த ஆவணத்தை உருவாக்கியது என்று சான்றிதழ் தரவும் அதில் இடமுண்டு. திரையில் 2000ஆம் ஆண்டு ஜனவரி என்று ஓடும் பதிவுக்கு அப்படிக் கையெழுத்துப் போட வேண்டியவர் கோயில் செயலாளராக இருக்கலாம், தோட்டத்துக் கிராணியாக இருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவென்று அவருக்கே தெரியும்.

ஆகவே, எல்லாம் நன்றாக ஓடும்போதே ஒரு நாள் உட்கார்ந்து, மூன்று நாள் முந்திய இரவு எட்டு மணிப் பதிவைத் தேடி எடுங்கள். திரையைப் போனில் படம் பிடிக்காமல், பென்டிரைவில் மூலக் கோப்பாகவே இறக்குங்கள். அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். சில ரெக்கார்டர்களின் கோப்பு அவற்றின் சொந்த மென்பொருளில்தான் ஓடும், அந்த மென்பொருளையும் அதே பென்டிரைவில் போட்டுத்தான் போலீஸ் நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும்.